கெணத்து மணி

சம்மனசுபட்டியில் கோயில் மணி மூன்று விதமாகப் பேசும். பூசைக்குக் கூப்பிடுவது ஒன்று. காலை, மதியம், சாயங்காலம் என்று மூவேளை செபத்துக்கு மும்மூன்றாக விட்டு விட்டு அடிப்பது இரண்டு. வயலில் குனிந்திருப்பவர்கள் நிமிர்ந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி குனிவார்கள். ஒற்றை ஒற்றையாக இழுத்து அடித்தால் ஊரில் ஒரு சாவு. உலையில் அரிசி கொதித்தாலும் பெண்கள் வாசலுக்கு வந்து, "போனது யாரு?" என்று எதிர்வீட்டைக் கேட்பார்கள். இந்த மூன்றையும் இருபத்திரண்டு வருஷமாக அடித்து வருகிறவர் மிக்கேல்ராஜ். கோயிலைத் திறந்து பூட்டி, விளக்கேற்றி, மணியடிக்கிறவருக்கு அந்தப் பக்கத்தில் கோயில்பிள்ளை என்று பேர். ஐம்பதைத் தாண்டி மீசை நரைத்தாலும் பிள்ளைதான். மற்ற நேரத்தில் கோயிலுக்குப் பின்னால் உள்ள அரை ஏக்கரில் சம்பங்கி போட்டு, விடியலில் பறித்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோவில் ஏற்றிவிடுவார்.

மணிக்கு நாலாவதாக ஒரு பேச்சு வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். அதைக் கொண்டுவந்தது அவருடைய மூத்த மகள் வினோலியா.

அந்த வருஷம் ஊருக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் விழுந்துவிட்டான். ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. ஒருத்தர் வீட்டிலும் நல்ல கயிறு இல்லை. சேலைகளை முடிந்து போட்டார்கள், அது பாதியில் அவிழ்ந்தது. திண்டுக்கல்லிலிருந்து தீயணைப்பு வண்டி வர எப்படியும் அரைமணி ஆகும், தூரம் அப்படி. அவர்கள் வந்து உடலை எடுத்துப் போட்டபோது பையனின் அம்மா அழக்கூட இல்லை. அதற்கப்புறம் தீயணைப்புக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒருநாள் பூராவும் சொல்லிக் கொடுத்தார்கள். முடிச்சு, லாரி டியூப், மூச்சு நின்றவன் நெஞ்சை அழுத்துவது, பாம்பு கடித்தால் எதைச் செய்யக் கூடாது என்று எல்லாமும்தான். கேட்ட நூற்றுச் சொச்சம் பேரில் நூறு பேர் மறுநாளே மறந்துபோனார்கள். மறக்காத பதினோரு பேரை வினோலியா பிடித்து வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் கிணற்றடியில் கூடுவார்கள். ஊரார் அவர்களுக்குக் கயித்துச் செட்டு என்று பேர் வைத்தார்கள்.

"கயித்துச் செட்டு வருதுப்பா, கழுத்தைப் பத்திரமா வச்சுக்கங்க" என்று டீக்கடையில் கேலி நடக்கும். நடக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

அவர்களுக்கென்று இரண்டு சட்டம் இருந்தது. கிணற்றில் இறங்குகிறவர் யார் கையில் கயிற்றைக் கொடுக்கிறார் என்பதை எல்லாரும் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவர் மட்டும்தான் முன்னால் நின்று கயிறு பிடிப்பார்; மற்றவர்கள் அவருக்குப் பின்னால்தான். செட்டில் நன்றாக நீந்தத் தெரிந்தவள் வினோலியா என்பதால் பெரும்பாலும் அவள்தான் இறங்குவாள். ஒவ்வொரு தடவையும், "என் கயிறு எங்கப்பா கையில" என்பாள். மணிக் கயிற்றை இழுத்து இழுத்து உரம் ஏறிய கை அது. மிக்கேல்ராஜ் துண்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, காலை அகட்டி, பெருமையை மறைக்கத் தெரியாமல் முன்னால் வந்து நிற்பார்.

இரண்டாவது சட்டம் அவரே போட்டது. ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் எல்லார் கையிலுமா போன் இருக்கிறது, அவசரத்துக்கு மணியடித்தால் என்ன என்று அவள் கேட்டபோது அவர் ரெண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"நிறுத்தாம அடிக்கிறேன். அதைக் கேட்டா எல்லாரும் கோயில் கெணத்தடிக்கு ஓடி வந்துரணும். ஆனா ஒண்ணுத்தா. ஒத்திகைக்கு விசில் ஊதிக்கங்க. நெசத்துக்குத்தான் மணி. பொய்க்கு ஒரு நாளும் நான் கயித்தைத் தொட மாட்டேன்."

அதுதான் கெணத்து மணி. இரண்டு வருஷத்தில் அது ஒருமுறைகூட அடிக்கப்படவில்லை.

பிரச்சினையே அங்கேதான். முதல் வருஷம் பதினோரு பேரும் வந்தார்கள். அப்புறம் ஒன்பது, ஏழு, நாலு. வினோலியாவும் என்னென்னவோ செய்து பார்த்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு முடிச்சுப் போடும் போட்டி வைத்தாள். ஜெயித்தவனுக்குத் தன் கைக்காசில் முட்டை புரோட்டா வாங்கிக் கொடுத்தாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை ஆளுக்கொரு தெருவாகப் பிரித்துவிட்டாள். புரோட்டா தீர்ந்ததும் ஆளும் தீர்ந்தது. பதினாறு வயதுப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை காலையில் படுக்கையிலிருந்து எழுப்புவதைவிடக் கிணற்றிலிருந்து ஆளைத் தூக்குவது சுலபம்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் தட்டின் முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மொச்சைக் குழம்பும் கத்திரிக்காய் வெஞ்சனமும். அவளுக்குப் பிடித்ததுதான்.

"சாப்டுடி, சோறு ஆறுது" என்றாள் அம்மா செபஸ்தியம்மாள்.

"இன்னைக்கு எத்தனை பேருத்தா வந்தாங்க?" என்று மிக்கேல்ராஜ் கேட்டார்.

"தமிழ்மதி."

"அப்புறம்?"

"தமிழ்மதிதான்ப்பா. போன வாரமும் அவ மட்டுந்தான். முகேஷ்குமார் வீட்டுக்கே போய்ப் பாத்தேன். குப்புறப் படுத்துக்கிட்டு போனை நோண்டுறான். 'ரெண்டு வருசமா முடிச்சைப் போட்டுப் போட்டு அவுக்குறோம், ஒருத்தனும் விழ மாட்டேங்குறானே வினோ, போரடிக்குது'ங்கிறான்."

செபஸ்தியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விழலைன்னா நல்லதுதானடி. அதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"உனக்கென்னம்மா. நாளைக்கு ஒருத்தன் விழுந்தா முடிச்சு மறந்துபோயி நிப்பானுக. அந்தப் பையனுக்கு நின்ன மாதிரியே சுத்தி நின்னு பாப்பானுக." அவள் குரல் உடைந்தது. "எவனாச்சும் விழுந்தாத்தான் வருவானுகளாம். விழுந்து தொலைஞ்சாக்கூடத் தேவலைப்பா."

"வாயைக் கழுவுடி, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா."

மிக்கேல்ராஜ் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் வந்த வார்த்தையை அப்பா உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொள்வார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். வினோலியா வாசலில் பள்ளிக்கூடச் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. முதல் மூன்று அடியும் அவள் காதில் ஏறவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று மூச்சுவிடாமல் மணி ஓடியபோது கையிலிருந்த சட்டை நழுவியது. சோப்பு நுரையோடு ஓடினாள்.

அவள் கிணற்றடிக்குப் போகும்போதே தமிழ்மதி கயிற்று மூட்டையோடு நின்றாள். முகேஷ்குமார் செருப்பில்லாமல் டியூபைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மொத்தம் பதினோரு பேரும் ஐந்து நிமிஷத்துக்குள். பின்னாலேயே ஊர்சனம். மிக்கேல்ராஜ் மணிக்கூண்டிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சின்னப்புள்ள. விழுந்துருச்சு."

"யாரு புள்ளப்பா?"

"தெரியலத்தா. எறங்கு."

ஒரு நொடி அவர் கண் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அதை அவள் பதற்றம் என்று எடுத்துக்கொண்டாள். நாற்காலி முடிச்சுக்குள் காலை விட்டாள். "என் கயிறு எங்கப்பா கையில" என்று கத்தினாள். மறந்திருப்பானோ என்று அவள் பயந்த முகேஷ்குமாரின் முடிச்சு கல் மாதிரி நின்றது. அந்த அவசரத்திலும் அவளுக்குள் ஒரு சந்தோஷம் குறுகுறுத்தது. வந்துவிட்டார்கள், எல்லாரும் வந்துவிட்டார்கள்.

தண்ணீர்மட்டம் நாற்பதடிக்குக் கீழே. இறங்கினாள். மேலே வட்டமாகத் தெரிந்த வெளிச்சம் சுருங்கச் சுருங்க, பாசிவாடை ஏறியது. தண்ணீரில் கால் பட்டதும் சுற்றுமுற்றும் பார்த்தாள். வடக்குச் சுவரோரம் ரோஸ் கலரில் ஏதோ மிதந்தது. எட்டி எடுத்தாள். குழந்தைச் செருப்பு. பட்டாம்பூச்சி வைத்தது. போன மாதம் பேகம்பூர் கடையில் அவளே பேரம் பேசித் தங்கச்சி ஏஞ்சலினுக்கு வாங்கியது.

"ஏஞ்சலின்" என்று அலறினாள். கிணறு அந்தப் பேரைத் திருப்பித் திருப்பிச் சொன்னது.

ஒற்றைச் செருப்பு இங்கே என்றால் இன்னொன்று அவள் காலில்தான் இருக்கும். அவள் கீழே இருக்கிறாள். வினோலியா கயிற்றை இரண்டு தடவை சுண்டினாள். இன்னும் விடு என்று அர்த்தம். கயிறு தளர்ந்தது. முங்கினாள். அடியில் சகதியும் உடைந்த குடமும். எழுந்து மூச்சு வாங்கி மறுபடி முங்கினாள். கல்லில் முட்டி பெயர்ந்தது. மூன்றாவது தடவை சகதிக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு வேர் கையில் மாட்டியதும் அதைத் தங்கச்சியின் கை என்று நினைத்து இழுத்தாள். நாலாவது தடவை மேலே வந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மறுபடியும் இரண்டு தடவை சுண்டினாள். இந்தத் தடவை கயிறு தளரவில்லை. இறுகியது.

"போதும்த்தா. ஏறி வா" என்றது மேலிருந்து அப்பாவின் குரல். அதில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. "ஒத்திகைதான். புள்ள இங்கதான் இருக்கா."

அவள் மேலே வந்தது அவளுக்கே பிற்பாடு நினைவில்லை. கரையில் உட்கார வைத்தார்கள். யாரோ கைதட்டினார்கள், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். கோயில் பின்னறையிலிருந்து ஏஞ்சலின் ஒற்றைச் செருப்போடு நொண்டி ஓடி வந்து அவள் மடியில் விழுந்தாள்.

"அக்கா, நான் ஒளிஞ்சுக்கிட்டேன். அப்பா சத்தம் போடாம இருன்னுச்சு. நீ என்னையக் கண்டே பிடிக்கல."

வினோலியா கையில் அந்தச் செருப்பு இன்னும் இருந்தது. தங்கச்சி காலில் அதை மாட்டிவிட்டாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேர்த்த முகத்தோடு, உள்ளங்கையில் துண்டு சுற்றியபடி, பாராட்டுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

மறுநாள் ஞாயிறு. கயித்துச் செட்டில் பதினோரு பேர் வரவில்லை, பத்தொன்பது பேர் வந்தார்கள். முகேஷ்குமார் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றி, பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்த அத்தைவரை போய், அங்கிருந்து வாழ்த்து வந்தது. "செமையா இருந்துச்சு மாமா, மறுபடி எப்ப?" என்று பிள்ளைகள் மிக்கேல்ராஜை மொய்த்தார்கள். ஒரு பையன் தன்னைக் கிணற்றில் விழுந்தவனாக வைக்கச் சொல்லிக் கெஞ்சினான். அவர் வீட்டுக்கு ஓடிவந்து, "வாத்தா, வந்து பாரு, கெணத்தடியில நிக்க எடமில்ல" என்றார்.

வினோலியா புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. "நான் வரலை. நீங்க போங்க."

மிக்கேல்ராஜ் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். பேசப் பழகின நாளிலிருந்து வாப்பா, போப்பா, சாப்டியாப்பா என்றே கூப்பிட்ட பிள்ளை. கோயில் பங்குச்சாமியாரைக் கூப்பிடுவது மாதிரி அவரை நீங்க என்றது. காதில் சரியாக விழவில்லையோ என்று, "என்னத்தா?" என்றார்.

"படிக்கணும். நீங்க போங்க."

அன்றிலிருந்து அந்த 'ங்க' வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. சாப்பிடுங்க, தள்ளிக்கங்க, ஆட்டோக்காரர் வந்திருக்காருங்க. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு அவள் தன்னை வைதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. ஒரு வாரம் பொறுத்தார். ஒருநாள் காலையில் சம்பங்கி பறிக்கும்போது எதிர்ப்பாத்தியிலிருந்து பேச்சைத் தொடங்கினார்.

"தப்புத்தான்னு வச்சுக்க. யாருக்காகச் செஞ்சேன்? நீதான அன்னைக்கு அழுத. ஒருத்தனும் வர மாட்டேங்குறான்னு. இப்பப் பாரு, பத்தொன்பது பேரு."

"ஆமாங்க."

"இந்த ஆமாங்கவை விடுத்தா. வஞ்சுரு. நாலு வார்த்தை வஞ்சுரு."

வினோலியா பறித்த பூவை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. செருப்பை யாரு போட்டது?"

"நான்தான். வெறுங் கெணறுன்னா நீ கண்டுபிடிச்சிருவ. நெசம் மாதிரி இருக்கணும்ல."

"நான் முங்குனேன்ல. மொதத் தடவையே சொல்லியிருக்கலாம்ல?"

"தண்ணிக்குள்ள மூச்சு நின்னா நாலு நிமிசம்தான் கெடுன்னு நீதான சொல்லுவ. நாலு நிமிசமும் எப்படிச் செய்யுறீங்கன்னு பாத்துருவோமேன்னு..." 

"கயித்தை நான் சுண்டுனது உங்களுக்குத் தெரிஞ்சுச்சா?"

"தெரியாமலா? கையில வச்சிருந்தவன் நான்."

"எப்படிச் சுண்டுனேன்?"

மிக்கேல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சுண்டல் அவர் உள்ளங்கையில் இன்னும் இருந்தது. பயந்து நடுங்கிய கை சுண்டிய சுண்டல் அது. அது தெரிந்தும் அவர் கயிற்றை விட்டுக் கொடுத்துக்கொண்டே நின்றார்.

"அடியில ஒரு வேரு இருந்துச்சுங்க" என்றாள் வினோலியா. "அது நம்ம ஏஞ்சலின் கைன்னு நெனச்சு இழுத்தேன். வரல. செத்துட்டான்னு நெனச்சேன். கையை விட்டாத்தான் நான் மேல வர முடியும். விட்டேன். தங்கச்சி கையை விட்டுட்டு வந்தேன்னு நெனச்சுத்தான் மேல வந்தேன். அப்ப நீங்க சிரிக்கிறீங்க."

அவள் வேறு பாத்திக்குப் போய்விட்டாள். செபஸ்தியம்மாள் வரப்பில் கூடையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கம் பார்த்து, "உனக்கு அறிவு எங்கய்யா போச்சு" என்றாள். கத்தக்கூட இல்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. சிறுமலை பாதிநாள் தெரியவில்லை. கிணறுகளில் தண்ணீர் ஏறியது, படிக்கல்லெல்லாம் பாசி. ஒரு சனிக்கிழமை, விடியலில் பறிக்க முடியாமல் போக, பதினோரு மணிக்கு, மழை விட்டிருந்த இடைவெளியில், அம்மாவும் மகளும் சம்பங்கி பறித்துக்கொண்டிருந்தார்கள். ஏஞ்சலின் வரப்பில் உட்கார்ந்து அவர்கள் போட்ட பூவைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது.

மூன்றில் நிற்கவில்லை. ஓடியது.

வினோலியாவின் கை ஒரு காம்பைப் பிடித்தபடி நின்றது. வரப்பைப் பார்த்தாள். ஏஞ்சலின் இருக்கிறாள். அம்மா இருக்கிறாள். காம்பை ஒடித்து மடியில் போட்டாள். அடுத்த காம்புக்குக் கையை நீட்டினாள்.

"மணி அடிக்குதுடி" என்றாள் செபஸ்தியம்மாள்.

"அடிக்கட்டும்."

"கெணத்து மணிடி."

"தெரியுதும்மா. இந்தத் தடவை யாரு செருப்போ."

மணி விடாமல் அடித்தது. தெருவில் பிள்ளைகள் ஓடும் சத்தமும் சிரிப்பும் கேட்டது. வினோலியா பூப் பறித்தாள். இழுத்த இழுப்பில் மொட்டோடு தண்டும் சேர்ந்து வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு வருஷம் எந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாளோ, அந்தச் சத்தம் அடிக்க அடிக்க, உட்கார்ந்து பூப் பறிக்கிறாள்.

செபஸ்தியம்மாள் கூடையை வரப்பில் வைத்தாள். "உங்கப்பன் பொய் சொன்னது எனக்கும் ஆறல. ஆனா கெணத்துக்குள்ள ஒருத்தன் கெடந்தா, அவனுக்கு அது தெரியுமாடி? அவன் உன்னையத்தானடி நெனச்சுக்கிட்டு இருப்பான்."

வினோலியா எழுந்தாள். மடியிலிருந்த பூ கொட்டியது. அதை மிதித்துக்கொண்டு ஓடினாள்.

கிணற்றடியில் திருவிழாக் கூட்டம். பத்தொன்பது பேரும் அவளுக்கு முன்னால் வந்திருந்தார்கள். கயிறு மூட்டையிலேயே கிடந்தது. முகேஷ்குமார் சுவர்மேல் சாய்ந்து, போனைக் கீழே நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆண்டிச்சாமி மாமா, சூப்பரா நடிக்கிறீக. இன்னுங் கொஞ்சம் கத்துங்க, சத்தம் சரியா விழல."

மிக்கேல்ராஜ் மணியை விட்டுவிட்டு வந்து நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "நெசம்டா. ஏலே, நெசம்டா. மோட்டாரைப் பாக்க எறங்குன மனுசன் வழுக்கிட்டான்டா."

"அன்னைக்கும் இப்படித்தான மாமா ஓடியாந்தீங்க" என்றது ஒரு பிள்ளை. எல்லாரும் சிரித்தார்கள். மிக்கேல்ராஜ் தானே கயிற்று மூட்டையை அவிழ்க்கப் பார்த்தார். அவசரத்தில் சிக்கல்தான் விழுந்தது.

வினோலியா சுவரில் கையூன்றிக் கீழே பார்த்தாள். மோட்டார் மெக்கானிக் ஆண்டிச்சாமி இடது கையால் குழாயைக் கட்டிப்பிடித்திருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. அவர் கத்தவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். யாரோ போட்ட டியூப் அவருக்கு இரண்டு முழத்தில் மிதந்தது. ஒரு கையை விட்டால்தான் அதைப் பிடிக்க முடியும். இருப்பதே ஒரு கை.

அவள் திரும்பினாள். "ஒத்திகை இல்ல" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. முகேஷ்குமார் அவள் முகத்தைப் பார்த்தான். போன் அவன் கையிலிருந்து தானாக இறங்கியது. ஒருத்தரும் சத்தியம் கேட்கவில்லை. சிரிப்பு அந்தந்த வாயிலேயே நின்றுபோக, ஒருவன் 108-க்கு அழைத்தான், ஒருத்தி தீயணைப்புக்கு. இரண்டு பேர் சனத்தைப் பின்னால் தள்ளினார்கள். முடிச்சு விழுந்தது. முகேஷ்குமார் அழுதுகொண்டே முடிச்சை இழுத்துப் பார்த்தான். அவள் காலை விட்டாள்.

மிக்கேல்ராஜ் துண்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, காலை அகட்டி, கிணற்றுச் சுவரோரம் வந்து நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, பழக்கம்தான். கை நீட்டியிருந்தது.

வினோலியா அந்தக் கையைப் பார்த்தாள். ஊரிலேயே பலமான கை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"என் கயிறு தமிழ்மதி கையில" என்றாள்.

தமிழ்மதி நாற்பத்திரண்டு கிலோ. அவள் மிரண்டுபோய் மிக்கேல்ராஜைப் பார்த்தாள், அப்புறம் வினோலியாவை. "வினோ, மாமா நிக்கிறாரு."

"உன் கையிலதான். பின்னாடி முகேஷ் பிடிக்கட்டும், அவனுக்குப் பின்னாடி நாலு பேரு." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மிக்கேல்ராஜ் தள்ளி நின்றார். சட்டம் சட்டம்தான், பேர் சொல்லப்படாதவர் முன்னால் நிற்கக் கூடாது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் கீழே முங்கியிருக்கும்போது சுண்டினால், அது சுண்டலாகவே போய்ச் சேர வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு அப்போது எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இறங்கினாள். தண்ணீரில் கால் பட்டது. வடக்குச் சுவர்ப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்து, பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஆண்டிச்சாமி, "வந்துட்டியாத்தா" என்றார். "வர மாட்டீகளோன்னு நெனச்சேன். மேல சிரிச்சாக." அவள் டியூபை அவர் அக்குளுக்குள் செருகி, இரண்டாவது கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். மூன்று தடவை சுண்டினாள். மேலே தமிழ்மதி, "இழுங்கடா" என்று கத்தியது கேட்டது.

ஆண்டிச்சாமி கரையேற எட்டு நிமிஷம், அவள் மேலே வர இன்னும் நாலு நிமிஷம். தமிழ்மதியின் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தது. அவள் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து அழுதுகொண்டிருந்தாள். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. கை முறிவுதான், பிழைத்துக்கொள்வார் என்றார்கள். போனவர்கள் வந்தவர்கள் எல்லாரும் வினோலியாவின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். முகேஷ்குமார் அவள் எதிரிலேயே அந்த வீடியோவை அழித்தான்.

கூட்டம் கலைந்த பிறகு மிக்கேல்ராஜ் மெதுவாக வந்தார். உள்ளங்கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து நீட்டினார்.

"தலையைத் தொவட்டிக்கத்தா. சளி பிடிச்சிரும்."

"குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

அவர் அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். அப்புறம் வெயிலைப் பார்த்துவிட்டு, "மதிய மணிக்கு நேரமாச்சு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

மணி அடித்தது. மூன்று. விட்டு மூன்று. விட்டு மூன்று. டீக்கடையில் நின்றவர்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். செபஸ்தியம்மாள் ஏஞ்சலினைக் கையில் பிடித்தபடி வரப்பில் வந்துகொண்டிருந்தவள், அங்கேயே நின்று நெற்றியில் கை வைத்தாள். வினோலியாவின் கையும் எழுந்தது. பாதியில் நின்றது. தங்கச்சியின் காலைப் பார்த்தாள். இரண்டு செருப்பும் இருந்தது. அதற்குப் பிறகுதான் சிலுவை போட்டுக்கொண்டாள்.